மேல் காது

மருந்துக் கடையில் வேலை.
செக்காலை ரோட்டில், பேக்கரிக்கு அடுத்து.
"சீட்டு இருக்கா?" என்று
ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்பேன்.
அன்று ராத்திரி
என்னிடம் கேட்க ஆளில்லை.

கோட்டையூரில்
பூட்டிக் கிடக்கும் பெரிய வீடொன்றின் பின்கட்டில்
நானும் ஜுலைகாவும் வாடகைக்கு.
அவள் ஊருக்குப் போயிருந்தாள்.
மணி பதினொன்று. கரண்ட் இருந்தது.
சாக்குச் சொல்ல எதுவுமே இல்லை.

நாலு நாள் முன்னால்
குளுக்கோஸ் பாக்கெட் வாங்க வந்த ஒருத்தியின்
மேல் காதில் சின்னதாய் ஒரு கல் மின்னியது.
அவ்வளவுதான் காரணம்.
நகைக்கடையில், "அங்கெல்லாம் குத்தமாட்டோம்மா, எலும்பு."
பார்லரில் எண்ணூறு ரூபாய்.
என் கைக்கெட்டும் தூரத்தில்
ஊசிகள் பெட்டி பெட்டியாக.

பதினெட்டாம் நம்பர் ஊசி,
ஸ்பிரிட், பஞ்சு,
காதுக்குப் பின்னால் அண்டக் கொடுக்கப்
பாதி உருளைக்கிழங்கு.
அதையும் கழுவித்தான் வைத்தேன்.
ஐஸ் இல்லை, பால் பாக்கெட்டை அழுத்திக்கொண்டேன்.
கண்ணாடிக்குள் இருந்தவள்
நான் வலம் போனால் இடம் போனாள்.
பேனாவால் வைத்த புள்ளி
மூன்று தடவை தப்பியது.

நாலாவது தடவை ஒரு சத்தம்.
வலியைவிட அதுதான் ஞாபகமிருக்கிறது:
வாயை மூடிக்கொண்டு அப்பளம் கடித்தது போல,
தலைக்கு உள்ளேயிருந்து.

ஒரு சொட்டு கீழே விழுந்தது.
ஆத்தங்குடிக் கல்லில் ஏற்கெனவே சிவப்புப் பூக்கள்.
துடைக்கத் தேடினேன்,
எது என்னுடையது என்று தெரியவில்லை.

மறுநாள் அழகாக இருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி
யாருக்கோ காட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் திருகு உள்ளே அமுங்கியது.
நாலாம் நாள்
கீழ் மடல் மட்டும் பழையபடி இருக்க
மேலே எல்லாம் கந்தரப்பம் போல உப்பிச் சிவந்தது.
முடியை இறக்கிவிட்டு மறைத்தேன்.
ரேக்கிலிருந்து அமாக்ஸிசிலின் ஒரு அட்டை எடுத்தேன்.
பில் போட்டேன், திருடவில்லை.
பெயர்: உமையாள். வயது: முப்பது.
டாக்டர் பெயரை நானே எழுதினேன்.

அன்று சாயங்காலம்
கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்தாள்.
புதிதாய்க் குத்திய காது, லேசாய்ச் சீழ்.
"தேங்காயெண்ணெய் வேண்டாம்,
உப்புத் தண்ணியில ஒத்தி எடுங்க,
காய்ச்சல் அடிச்சா உடனே டாக்டர்கிட்ட போங்க."
சொல்லும்போது எனக்கு நூற்றிரண்டு.

ஜுலைகா திரும்பி வந்தாள்.
திட்டவில்லை. முடியை விலக்கிப் பார்த்தாள்,
செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஆட்டோ கூட்டிவந்தாள்.

"கீழ் மடல்னா சதை, ரத்தம் போகும்.
இது வெறும் குருத்தெலும்பு.
இங்க மருந்துக்கு வண்டி கிடையாதும்மா,
நடந்துதான் வரணும்.
அதுவும் நீங்க போட்டது வேற ஊருக்குப் போற மருந்து."
டாக்டர் கையுறையை இழுத்துக்கொண்டே கேட்டார்:
"எங்க வேலை பாக்குறீங்க?"
"துணிக்கடை" என்றேன்.

கீறி எடுத்தார்கள்.
ஏழு நாள் டிரிப்.
எண்ணூறு ரூபாயை எத்தனையால் பெருக்குவது என்று
சொட்டுகளோடு சேர்த்து எண்ணினேன்.

வீடு வந்தால்
ஜன்னல் விளிம்பில் மறந்து வைத்த அந்தப் பாதிக் கிழங்கு
ஓரத்தில் முளை விட்டிருந்தது.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குக் காது மேலே சுருண்டுவிட்டது,
சூட்டில் வைத்த பிளாஸ்டிக் மூடி மாதிரி.
மூக்குக்கண்ணாடி இடப் பக்கம் சரிகிறது.
கல் பர்ஸில் கிடக்கிறது,
சில்லறை தேடும்போதெல்லாம் விரலில் இடறும்.

போன வாரம்
பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண்.
"பதினெட்டாம் நம்பர் ஊசி ஒன்னு குடுங்க."
"எதுக்கு?"
"மாட்டுக்கு."
நம்பவில்லை நான்.
கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.
முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன்.
"நல்லாப் பாத்துக்க" என்றேன்.

பார்த்தாள், கவுண்டர்மேல் எட்டி, நிதானமாக.

"ஐயோ" என்றாள்,
"மாடு முட்டிருச்சாக்கா?"