அடிவலை

கரையில் குந்தி முடிச்சுப் போடுவோம்,
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கட்டுவோம்.
மிதவைக்கு இருபது கயிறு.
நாற்பத்தைந்தாம் நாள் அறுத்து
சம்பை மணலில் காயவைத்தால்
கிலோ எழுபதுக்கு லாரி வரும்.

எங்கே கொண்டுபோறீக என்று கேட்டாள் ராக்கு.
பவுடராக்கி ஐசுக்கும் பாலுக்கும் போடுவாங்க,
பிரியாம பிடிச்சு வைக்கும் என்றான் டிரைவர்.
அப்ப எங்க சங்கத்துக்கு ஒரு மூட்டை குடு என்றாள்.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

இறங்கும் முன் ஒரு பாதாம் பால் பாக்கெட்,
கிரீம் பிஸ்கட் ஒன்று.
விடியாத நாலு மணிக்கு யார் உலை வைப்பது?

வைகாசியில் வயிறு முறுக்கத் தொடங்கியது.
கடலில் நிற்கிறவளுக்கு
கரைக்கு ஓடும் தூரம்தான் நோய்.
நாலு முறை. எட்டு முறை.
பிறகு சளி, பிறகு ரத்தம்.

மதுரையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
திரையில் என் குடல்
வெயிலில் கிடந்த சொறிமீன் பட்ட தோலாய்ச்
சிவந்து தடித்திருந்தது.
ஜொஹரா டாக்டர் சீட்டின் பின்புறம் சுவர் ஒன்று வரைந்தார்.
சுவர்மேல் வழுவழுப்பாய் ஒரு பூச்சு.
பூச்சுக்கு இந்தப் பக்கம் கோடி கோடிக் கிருமிகள்.
"கெட்டதுக இல்லம்மா, குடியிருக்கிறதுக.
பூச்சு மெலிஞ்சா சுவரைத் தொட்டுரும்.
உடம்பு சண்டைக்கு எழுந்திரும்."

அவர் முடிக்குமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது.
மிதவைக்கு அடியில் நாங்கள் வலை கட்டுவது எதற்கு?
ஓரா என்ன கெட்ட மீனா?
பசிக்கிற மீன்.
கண்ணி ஒன்று விட்டால் கொழுந்துவரை வரும்.

எது கிழிச்சது என்று கேட்டேன்.
பையிலிருந்த பாக்கெட்டை வாங்கித் திருப்பினார்.
எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து,
நடுவே எண்கள்: 471, 466, 407.
"எலியில பார்த்திருக்காங்க.
மனுசங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியல,
இதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.
கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க."

இந்த நானூத்தியேழு?

"கடல்பாசி" என்றார்,
சீட்டில் என் ஊர்ப் பெயரைப் பார்க்காமலே.

நைலான் அறுத்த விரல்களை
மடியில் மறைத்துக்கொண்டேன்,
திருடியவள்போல். ஏன் என்று தெரியவில்லை.

மாத்திரை மூன்று மாதம். பாக்கெட்டையும் விட்டாயிற்று.
ரத்தம் நின்றுவிட்டது,
எதனால் என்று என்னாலும் சத்தியம் பண்ண முடியாது.

நேற்று லாரி வந்தது.
நாற்பத்தொரு கிலோ. எண்ணி வாங்கிக்கொண்டேன்.
இந்த மூட்டை எந்த ஊர் வயிற்றுக்கு என்று
டிரைவரிடம் கேட்க வாய் எடுத்தேன்,
அவன் டீசல் விலையைப் பேசிக்கொண்டிருந்தான்.

மிதவைக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கு கத்தினாள்:
சகாயம், உன் பக்கம் கண்ணி அறுந்து கெடக்கு!
மூச்சடக்கி உள்ளே போனேன்.
கச்சான் கலக்கிய தண்ணீர், கண் தெரியவில்லை.
விரலாலேயே தேடினேன்.
ஓட்டையின் விளிம்பு கிடைத்தபோது
ஏதோ ஒன்று, சின்னது,
என் மணிக்கட்டை உரசிக்கொண்டு
உள்ளே போனது.