நானூற்றுப் பன்னிரண்டு

அறிமுக வீடியோவில்
டிராகன் கண் சிமிட்டியது.
புகை, இடி, ஒரு கரகரத்த குரல்:
உலகுக்கே ஐந்நூறு பிரதிகள்தாம்.
எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

பட்டர்வொர்த் சுங்கத்தில் பெட்டி
பதினோரு நாளாய்ப் படுத்திருக்க
விருதும் வந்துவிட்டது அதற்கு,
ஆண்டின் சிறந்த பின்பால் மெஷின்.
நானும் ஓட்டுப் போட்டிருந்தேன்,
தொட்டுப் பார்க்காமலே.

ஜெலுத்தோங் கடையில் குகனேஸ்வரி
கிழட்டு மெஷினின் இடது ஃபிளிப்பருக்கு
ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள்.
"எதைப் பார்த்துப் போட்ட?"
தலை நிமிரவில்லை.
"வீடியோ நல்லா இருந்துச்சு."

கண்ணாடியை மூடி
என் ஐம்பது காசைப் போட்டு
இழுத்து விட்டாள்.
குண்டு
எதிலும் இடிக்காமல்
இரண்டு துடுப்புக்கும் நடுவே
நேரே குழிக்குள்.

சிரிக்கவில்லை அவள்.
"இன்னொரு காசு இருக்கா?"