தேய்மானம்

நாலரை மணி. விசுவமடுவில்
ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
பட்டாவின் நிழலில் இருந்தேன். போன் அடித்தது.
கொழும்பிலிருந்து கதைக்கிறேன் மிஸ் என்றது குரல்,
ஏசி அறைக்குள் இருந்து வருகிற மாதிரி.

வண்டி நம்பர் சொன்னான்.
எடுத்த மாதம் சொன்னான்.
லீசிங் கட்டப் பிந்திய இரண்டு தடவையும் சொன்னான்.
அது என் தங்கச்சிக்கும் தெரியாது.

"வாரண்டி இண்டையோட முடியுது மிஸ்.
இன்னும் மூண்டு வருசத்துக்கு நீட்டலாம்.
எஞ்சின், கியர்பொக்ஸ், எல்லாத்துக்கும் உத்தரவாதம்.
அஞ்சு மணிக்குள்ள நாப்பத்தெட்டாயிரம்.
ஒரு நம்பர் தாறன், போட்டு விடுங்கோ."

உத்தரவாதம்.
அந்தச் சொல் எனக்கு முன்பே பழக்கம்.
ஒருமுறை அது வானத்திலிருந்து விழுந்தது
துண்டு துண்டுப் பேப்பராய்,
எங்கே போய் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று.
போய் இருந்தோம்.
அதை இங்கே எழுத வரவில்லை.

சிலாவத்தை அருந்தவநாதன் போன மாசியில் கட்டியவர்.
அவருக்குப் பேப்பரும் வந்தது. பளபளப்பு. சிவப்பு முத்திரை.
முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு
கியர்பொக்ஸ் உடைந்தது.
நம்பருக்கு அடித்தார். பாவனையில் இல்லை.
பேப்பரை வாங்கி வெயிலுக்குப் பிடித்து வாசித்தேன்.
எறும்பு எழுத்தில், பதினான்காவது பிரிவு:
தேய்கிற பாகங்கள் அடங்கா.
கிரவல் பாதையில் ஓடியிருந்தால் செல்லாது.
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
வன்னியில் கிரவல் படாத வண்டி
ஷோரூமில்தான் நிற்கும்.
தேயாத பாகம் ஒன்று வண்டியில் உண்டென்றால்
நம்பர் பிளேட். எனக்கு அதையும்
முல்லைத்தீவு உப்புக்காற்று அரித்துவிட்டது.

"பேப்பரை முதல் அனுப்பும். வாசிச்சிட்டுச் சொல்லுறன்."
"காசு விழுந்தாத்தான் பேப்பர், மிஸ்."
"கிளிநொச்சியில எந்தக் கராஜ் பாக்கும்?"
"எல்லாக் கராஜும்."
"ஒரு பேர் சொல்லும்."
குரலில் ஏசி நின்றது.
"நேரம் போகுது மிஸ், பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ."
நேரம் தன்பாட்டில்தான் போனது.
அவன்தான் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அப்போது கேட்டது,
அவன் முதுகுக்குப் பின்னால், இழுத்து இழுத்து:
பரந்தேன்... தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பேய்...
முன் பல் இல்லாத தொண்டை.
'பு' வருகிற இடத்தில் காற்றுப் போகும்.
கொண்டக்டர் தவக்குமார்.
கொழும்பில் அந்தத் தொண்டை கிடையாது.
கிளிநொச்சி பஸ் ஸ்டாண்டில், கச்சான்காரிக்கும்
கழிப்பறைக்கும் நடுவில் நிற்கும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
"தம்பி," என்றேன், "அந்த பஸ் அஞ்சு பத்துக்கு வெளிக்கிடும்.
பேப்பரைக் கையில கொண்டு ஏறும்.
ஆறு மணிக்கு என்ர படலையில நிப்பாட்டுவாங்கள்.
காசு எண்ணி வைக்கிறன்."

மூச்சு மட்டும் கேட்டது.
சின்னப் பெடியனின் மூச்சு.
பிறகு அதுவும் இல்லை.

ஆறு மணிக்கு பஸ் வந்தது.
நான் எட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.
கோழித்தீன் மூட்டையோடு ஒருத்தி இறங்கினாள்.
வேறு யாரும் இல்லை.

மறுநாள் யூட்டின் கராஜுக்குப் போனேன்.
முன் இடது சில்லில் ஒரு வாரமாய் ஒரு முனகல்.
அவன் கீழே படுத்து, தட்டி, எழும்பி
புஷ் போட்டுது அக்கா என்றான். மூவாயிரத்து இருநூறு.
லீசிங் கந்தோரில் என் பெயரை யார் விற்றிருப்பான் என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
"பில் எழுதட்டோ?"
கிரீஸ் கையால் கொப்பியில் ஒற்றை கிழித்தான்.
எழுது, என்றேன்.
தேய்ஞ்சதை மட்டும் எழுது.