இருட்டில் கறுத்தவள்

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதிவரை வார்டோ தீவுக்குத் திரும்பாது.
அந்த இடைவெளியில்தான்
கூன்வோர் கறுத்தாள்.

மீன் ஆலையில் பக்கத்தில் நிற்பவர்கள்
முதலில் சிரித்தார்கள்:
"யாருக்கும் சொல்லாமல்
கேனரித் தீவுக்குப் போய்வந்தாயா?"
எங்கும் போகவில்லை அவள்.
காட் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டு
அதே இடத்தில் நின்றாள்,
நிற்க முடிந்தவரை.

என்னிடம் வந்தபோது எட்டுக் கிலோ குறைந்திருந்தாள்.
இருட்டுக்காலச் சோர்வு என்று எழுதினேன்.
இந்த ஊரில் பாதிப்பேருக்கு அது உண்டு.
வெளிச்சப் பெட்டி ஒன்று கொடுத்து
காலையில் அரைமணி அதன்முன் உட்காரச் சொன்னேன்.
உட்கார்ந்தாள்.
அடுத்த முறை இன்னும் கறுத்து வந்தாள்.
"பெட்டி சுட்டிருக்கும் டாக்டர்" என்று
எனக்கான சாக்கை அவளே எடுத்து நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.

லெம்லெம் வந்தது ஒரு வியாழக்கிழமை.
எரித்ரியாக்காரி, ஆலையின் தரை கழுவுபவள்.
தனக்கு நோய் எதுவுமில்லை என்றாள்.
கை விரித்துக் காட்டினாள்.
"என் உள்ளங்கைக் கோடுகள் கறுப்பு.
என் அம்மாவுக்கும் அப்படி.
கூன்வோருக்கு ஏன்?"
பிறகு, கோள் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி,
"உப்புத் தொட்டியில் விரலை விட்டு நக்குகிறாள்.
ஒருநாள் இல்லை. தினமும்."

நாற்காலியை விட்டு எழுந்தது நினைவிருக்கிறது.
கோட்டை எடுத்தது நினைவில்லை.

சமையலறைத் தரையில் கிடந்தாள்,
வாந்தியின் பக்கத்தில்.
இரத்த அழுத்தம் எழுபதைத் தொடவில்லை.
உதட்டை விலக்கினேன்:
ஈறுகளில் மைக்கறை போலத் திட்டுகள்.
ஹெலிகாப்டர் காற்றுக்காகக் காத்திருந்த இரண்டு மணிநேரம்
ஒரு கையில் உப்புநீர், ஒரு கையில் ஹைட்ரோகார்ட்டிசோன்.
உப்பைத் தின்றவள் அவள்;
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது நான்.

சோடியம் நூற்றுப் பதினாறு.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் இரண்டு சுரப்பிகள்.
அவளுடைய உடம்பே அவற்றை அந்நியர் என்று எண்ணி
ஆண்டுக்கணக்கில் அரித்துத் தின்றிருந்தது.
மூளையின் அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரி
கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அவற்றை:
பதில் இல்லை, இன்னும் உரக்க,
பதில் இல்லை, இன்னும்.
அந்தக் கூப்பாடுதான் தோலில் இறங்கிக் கறுத்தது.
மூன்று மாதம்
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது
ஒரு கூச்சல்.

அவள் சம்மதத்தோடு அதை எழுதி அனுப்பினேன்,
ஒரு மருத்துவ இதழுக்கு.
"நாற்பத்தேழு வயதுப் பெண். மீன் ஆலைத் தொழிலாளி.
பருவகாலச் சோர்வு என்று கருதப்பட்டதால்
நோயறிதல் தாமதமானது."

அச்சான பக்கத்தை வாங்கிப் படித்தாள் கூன்வோர்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:
"கருதப்பட்டது சரி. கருதியது யார்?"
பிறகு, "லெம்லெம் எங்கே இதில்?"

சொற்களுக்கு வரம்பு உண்டு, என்றேன்.
உண்மைதான், உண்டு.
ஆனால் உப்புத் தொட்டியின் கொள்ளளவை
அடைப்புக்குள் எழுத இடம் இருந்தது எனக்கு.

இப்போது நாளுக்கு மூன்று வேளை மாத்திரை.
காய்ச்சல் என்றால் இரட்டிப்பு.
சாப்பாட்டு டப்பாவில், ரொட்டிக்குக் கீழே,
அவசர ஊசி.
அதைப் போடத் தெரிந்தவர் ஆலையில் ஒருத்திதான்;
ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகினாள்,
பழத்தைத் தின்னவும் செய்தாள்.

ஜூனில், சூரியன் மறையவே மறக்கும் நாட்களில்
ஊரெல்லாம் முகம் சிவந்து கறுக்க
கூன்வோர் மட்டும் வெளுத்துக்கொண்டு வந்தாள்.

இடது கட்டைவிரலில் மீன்கத்தி பட்ட தழும்பு ஒன்று,
அந்த டிசம்பரில் பட்டது,
வெளுக்கவில்லை. அது வெளுக்காதாம்;
நானேதான் சொன்னேன் அவளிடம்.
மருந்துச்சீட்டு வாங்கும்போதெல்லாம்
அந்தக் கையைத்தான் நீட்டுகிறாள்.
வலதுகைக்காரி அவள்.