ஏழரைக் கை

கம்பெனிக்காரன் தூக்கிப் பார்த்தான்,
விரல் விட்டு எண்ணினான்.
ஒரு கை பாதியோடு நின்றிருந்தது.
முழு எட்டும் உள்ளவை ஐஸ் பெட்டியில்
தூத்துக்குடிக்குப் போயின,
அங்கிருந்து எந்த நாட்டுத் தட்டுக்கோ.
ஏழரை எனக்கு வந்தது.

பேய்க்கணவாய் என்று பேர் வைத்தவன்
அதைக் கழுவியிருக்க மாட்டான்.
கழுவியிருந்தால் பிள்ளை என்று வைத்திருப்பான்.
அத்தனை வழுக்கல், அத்தனை பிடிவாதம்.

தலையைச் சட்டைப்பை போலப் புரட்டு.
மைப்பை உடையாமல் வரவேண்டும்.
உடைந்தால் வாளி, தரை, நைட்டி
எல்லாம் அன்றைக்குப் பரீட்சை எழுதும்.
கைகள் கூடுமிடத்தில் ஒரு கிளிமூக்கு இருக்கிறது,
கட்டைவிரலால் அமுக்கு, பட்டன் போலத் தெறிக்கும்.
கண்ணை நான் கடைசியாகத்தான் எடுப்பேன்.
ஏனென்று கேட்காதே.

கல்லுப்பும் மஞ்சளும் போட்டு
காலர் அழுக்கைக் கசக்குவது போலக் கசக்கு.
நுரை வரும், கொட்டு. இன்னொரு தரம்.
மூன்றாம் தண்ணீரில் உன் விரல் தெரியும்.

மெத்தென்று ஆக்க ஆளுக்கொரு வழி.
மூக்கையூர் ஜெனோவா பப்பாளித் தோல் போடுவாள்.
எதிர்வீட்டு ஜெய்லானி பீவி
கொதிநீரில் மூன்று முக்கு முக்குவார்,
கையெல்லாம் சுருண்டு பூவாகிற வரை.
என் நாத்தனார் கல்லில் அடிப்பாள்.
நாற்பது அடி, வாய்விட்டு எண்ணி.
இருபதுக்கு மேல் விழுவது
கணவாய்க்கான அடியில்லை.

எனக்குக் குக்கர்.
தண்ணீர் ஊற்றாதே, தன் தண்ணீரை அதுவே விடும்.
உப்பும் இப்போது வேண்டாம், இறுகிப்போகும்.
நாலு விசில்.

முதல் விசிலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்
ஓனரம்மா வந்தார்.
அடுத்த மாதத்திலிருந்து ஐந்நூறு கூட,
தோதுப்படாவிட்டால் சாவி.
வாசலில் நின்றே சொன்னார்.
மூக்கைச் சுளிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.
நான் வாயெடுக்கும் முன்
இரண்டாம் விசில் அடித்துவிட்டது.

எமரிட் இதைத் தூண்டிலில் பிடிப்பதில்லை.
நீளக் கயிற்றில் வெறும் சங்குகளைக் கோத்து
முள்ளிமுனைக்கு நேரே
ஆழமில்லாச் சேற்றில் இறக்கிவிட்டு வருவான்.
இரை இல்லை, முள் இல்லை.
காலி வீடு, அவ்வளவுதான்.
அட்வான்ஸ் கேட்காத வீடு.
நாலு நாள் கழித்துத் தூக்கினால்
சிலதில் ஆள் குடியேறியிருக்கும்.
இழுத்தால் வராது.
சங்கு வாயில் கொஞ்சம் உப்புத் தூவவேண்டும்,
பிறகு ஒவ்வொரு கையாக வெளியே வைக்கும்,
வண்டியிலிருந்து சாமான் இறக்குகிற மாதிரி.

அந்த அரைக் கை அறுந்தது பழைய சண்டையாம்,
திரும்ப வளர்ந்துகொண்டிருந்ததாம்.
இன்னும் இரண்டு மாதம் கிடந்திருந்தால்
கம்பெனிக்குப் போயிருக்கும் என்றான்.

நாலாவது விசில்.

ஆவி தானாக அடங்கட்டும்.
குக்கரில் நிற்கும் சிவந்த தண்ணீரைக் கொட்டிவிடாதே,
பாதி ருசி அதில்தான்.
நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை,
உரித்துக் கண் எரிந்த அளவுக்குச் சின்ன வெங்காயம்,
இஞ்சி பூண்டு, இரண்டு வரமிளகாய்.
துண்டுகளைப் போட்டு அந்தத் தண்ணீரையும் ஊற்று.
இப்போது உப்பு, பார்த்துப் போடு,
கடல் முன்பே கொஞ்சம் போட்டிருக்கிறது.
வற்றி ஓரம் கருகும்போது
மிளகைத் தட்டிப் போடு. அரைத்த தூள் ஆகாது.
தேங்காய்ப் பல் கீறியிருந்தால் அதுவும்.

எமரிட் வந்தான், உட்கார்ந்தோம்.
ஐந்நூறைச் சொன்னேன்.
மென்றுகொண்டே கேட்டான்.
அரைக் கை மட்டும் சட்டியின் நடுவில் கிடந்தது,
அவன் என் பக்கம் தள்ள, நான் அவன் பக்கம் தள்ள.
"காரம் கம்மி," என்றான்,
பிறகு, "தொண்டியில வேற வீடா இல்ல?"
மூலையில் நாளைக்கான சங்குகள்
வாயை மேலே வைத்துக் கவிழாமல் கிடந்தன.

மீந்தால் காலையில் பழையதுக்கு எடுப்பாக இருக்கும்.
மீந்ததில்லை.