லாபம், ரெண்டு, மூணு

ஒன்று என்று நாங்கள் சொல்வதில்லை.
முதல் மூட்டை தராசில் ஏறும்போது
மாசிலாமணி "லாபம்" என்பான்.
அப்புறம்தான் ரெண்டு, மூணு.

நான் பட்டியல் எழுத்தர்.
நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுக் கரையில்
தார்ப்பாய் போர்த்திய நெல் கொள்முதல் நிலையம்.
மூட்டைக்கு நாற்பது கிலோ.
மூட்டைக்கு இவ்வளவு என்று
பட்டியலில் ஏறாத ஒரு கணக்கும் உண்டு.
அது என் சட்டைப்பையில் இருக்கும்.

மாசியில் கேட்காமல் வந்தது மழை.
பதினேழுக்குமேல் ஈரம் என்றால் எடுக்கக் கூடாது.
மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.
களத்து நெல் முளைவிடப் பார்த்தது.
டிராக்டர்கள் சாலை வளைவுவரை நின்றன.
அறுவடை இயந்திரமும் நின்றது,
சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து.

அதை ஓட்டுகிறவர் தர்லோசன் சிங், சங்ரூர் பக்கம்.
ஒன்பது தையாக வருகிறார்.
விடிய மூன்றரைக்கு நான் எழுந்து வெளியே வந்தால்
பம்புசெட் தொட்டியில் தலை முழுகிக்கொண்டிருப்பார்.
ஈரக் கூந்தலுக்கு ஒரு சின்ன மரச்சீப்பு.
தலைப்பாகைத் துணியின் ஒரு முனையை
இயந்திரத்தின் ஏணிக்கம்பியில் கட்டி
மறுமுனையைப் பின்னால் நடந்து நடந்து இழுப்பார்,
பாவு பிடிப்பதுபோல.
பிறகு அரைமணி நேரம் முணுமுணுப்பு.
தவளைகள் நிறுத்துவதில்லை. அவரும்தான்.

"என்ன கேக்குறீங்க சாமிகிட்ட?" என்றேன் ஒருநாள்.
"கேக்கல. சொல்றது" என்று
டீசல் வடிகட்டியைக் கழற்றப் போய்விட்டார்.

மழையின் மூன்றாம் நாள்
ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்துவந்து
ரொட்டி தட்டினார். வாளி நிறையப் பருப்பு.
கையின் இரும்பு வளை வாளி விளிம்பில் மோதும் ஓசைதான்
சாப்பாட்டு மணி.
காலிச் சாக்குகளை நீளமாக விரித்தார்.
பிழையில்லாமல் அவருக்கு வரும் ஒரே தமிழ்:
"உக்காருங்க."

மூட்டை தூக்குகிறவர்கள், களம் கூட்டும் அஞ்சம்மாள்,
லாரி கிளீனர் பையன். ஒரே வரிசை.
பெரிய பண்ணை குடையோடு வந்தார்.
"நமக்குத் தனியா ஒரு தட்டுல போடு."
தர்லோசன் சாக்கின் நுனியைத் தட்டிக்காட்டினார்.
"உக்காருங்க."
குடைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.
பண்ணை காருக்குத் திரும்பினார்.
அவருடைய டிரைவர் செருப்பைக் கழற்றினான்.

நானும் உட்கார்ந்தேன்.
மாசிலாமணியின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.
எட்டு வருஷமாக அவன் தூக்க நான் எழுதுகிறேன்.
அவன் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.
பருப்பில் உப்பு கம்மி.
மறுபடி ரெண்டு ரொட்டி வாங்கினேன்.

தட்டு கழுவும்போது சொன்னார்,
பாதி தமிழ், பாதி கை ஜாடை:
அவர்களுடைய முதல் குரு
தானியக் கிடங்கில் எடை போட்டவராம்.
பதின்மூன்றுக்கு அவர்கள் மொழியில் தேரா.
'உன்னுடையது' என்பதற்கும் தேராதான்.
பன்னிரண்டுக்கு அடுத்துத் தேரா என்றவர்
அதற்குமேல் எண்ணவில்லையாம்.
தேரா, தேரா, தேரா என்றே அளந்து போட்டாராம்.
"இருப்பு குறையலியா?" என்றேன்.
எழுத்தன் வேறென்ன கேட்பான்.
சிரித்துக்கொண்டு, துடைக்கச் சொல்லி
ஒரு தட்டை நீட்டினார்.

ஐந்தாம் நாள் வெயில். மீட்டர் இறங்கியது.
மாசிலாமணி தொடங்கினான்: லாபம். ரெண்டு. மூணு.
பன்னிரண்டுவரை பேனா ஓடியது.
அடுத்தது அஞ்சம்மாளுடையது.
களம் கூட்டிச் சேர்த்த நெல்,
யார் சிட்டாவிலோ ஒட்டிவந்த ஒற்றை மூட்டை.
"பதிமூணு" என்றான்.
நானும் பதின்மூன்று என்றுதான் எழுதினேன்.
அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
வேண்டாம் என்றேனா, கையசைத்தேனா, நினைவில்லை.
முடிச்சு மறுபடி விழுந்தது.

பதினான்காம் மூட்டைக்கு வாங்கிக்கொண்டேன்.

வரப்புக்கு அப்பால் இயந்திரம் உறுமுகிறது.
பொழுது சாய்ந்தால் அதை அணைத்துவிட்டு
அவர் மறுபடி முணுமுணுப்பார்.
அதற்குள் இன்னும் எத்தனை பதின்மூன்று வரும் என்று
பட்டியல் ஓரத்தில்
பென்சிலால் எதற்குக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்?