மூன்று டபிள்யூவுக்கு இடமில்லை

மூன்று டபிள்யூ போட இடமில்லை என்றான் பெயின்டர் ஜெயசீலன்.
த்ரீவீலின் முதுகில் ஏற்கெனவே
ஒரு கழுகு, ஒரு வேளாங்கண்ணி மாதா,
டயர்க் கடைக்காரரின் நம்பர்.
மிச்சமிருந்த ஒரு சாண் தகரத்தில்
அமலோற்பவத்தின் கடைப் பெயர்,
ஒரு புள்ளி, எல்.கே.
"தேடுறவன் எப்பிடியும் வந்துருவான் அக்கா."

வரவில்லை.

அவள் தலவாக்கலையில் படங்கு தைக்கிறவள்:
கொழுந்தெடுக்கும் இடுப்புகளுக்கு
மழை ஏறாத துணி, உட்புறம் ஒரு பை,
போன் நனையாமலிருக்க.
நான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இரண்டாம் மாடியில் இணையத்தளம் கட்டுகிறவள்.
அவளுடையதையும் நான்தான் கட்டினேன்.
டபிள்யூக்களோடு வந்தால் திறந்தது.
இல்லாமல் வந்தால் வெள்ளைத் திரை,
அடைய முடியவில்லை என்று ஒரு வரி.

"ரெண்டும் நம்ம கடதானே?"
"ஒரே கடதான். பேருதான் ரெண்டு."
"அப்ப ஒரு பேரச் சொல்லிக் கூப்டா ஏன் திரும்பல?"

இயந்திரத்துக்கு அவர்கள் இரண்டு பெண்கள்.
பதிவேட்டில் ஒருத்திக்கு நேரே இலக்கம் இருந்தது.
மற்றவளின் வரி காலி.

எனக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வருடம்
எங்கள் விலாசத்தில் தோட்டத்தின் பெயர் முன்னால் நின்றது.
அதை விட்டால் கடிதம் வராது.
போட்டால் வரும்,
ஆபீஸ் மேசையில் மூன்று கிழமை தூங்கிவிட்டு.
பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நாள்
அந்தத் தூக்கத்துக்குள் போனது.
இதை அமலோற்பவத்திடம் சொல்லவில்லை.
காலி வரியில் அதே இலக்கத்தை எழுதினேன்.

ஊரெல்லாம் அந்த வரியைப் படிக்க
ஒரு நாள் ஆகலாம், பொறு என்றேன்.
அரை மணிக்கொருதரம் அழைத்தாள்.

பிறகு பூட்டு.
சான்றிதழில் ஒரு பெயர்தான் இருந்தது;
மற்ற வாசலால் வந்தவர்களுக்குச்
சிவப்பில் ஓர் எச்சரிக்கை: பாதுகாப்பானதல்ல.
"என்னையா சொல்லுது?"
இரண்டு பெயரையும் சேர்த்துப் புதிதாக எடுத்தேன்.

எது சொந்தப் பெயர் என்று தீர்மானித்து
மற்றதால் வருகிறவரைக் கைபிடித்து
அங்கே கொண்டுவிட வேண்டும்.
அதில் நான் பிழைவிட்டேன்.
இது அதைக் காட்டியது, அது இதைக் காட்டியது,
திரை களைத்துப்போய்
அளவுக்கு மிஞ்சித் திருப்பப்பட்டீர் என்றது.
அமலோற்பவம் விழுந்து விழுந்து சிரித்தாள்.
"கிராம சேவகர் ஆபீசுக்குப் போகச் சொல்லுவாரு,
ஆபீஸ்ல கிராம சேவகர்கிட்டப் போன்னுவாங்க.
இத மிஷினுக்கும் படிச்சுக் குடுத்தாச்சா?"

ஒரு வரியை அழித்தேன். சரிவந்தது.
"எந்தப் பேர வச்சுக்க?"
"த்ரீவீல்ல இருக்கிறத.
பெயின்டுக்குக் காசு குடுத்தாச்சுல்ல."

மூன்றாம் நாள், மழை,
த்ரீவீல் மஸ்கெலியா ஏற்றத்தில் போயிருக்க வேண்டும்.
பின்னால் நடந்த யாரோ தகரத்தைப் படித்து
உள்ளே வந்திருந்தார்.
இரண்டு படங்கு, ஒன்று பெரிய இடுப்பு.
வீதியின் பெயர்: பூச்சியம்.
வீட்டு இலக்கம்: பூச்சியம்.
குறிப்பு என்ற சின்னப் பெட்டிக்குள் மட்டும்
நெருக்கியடித்து:
பீலிக்கு மேல நீலக் கதவு,
கதவு தொறந்து கெடந்தா கலர் தெரியாது,
சீனியம்மா வீடுன்னு கேளுங்க.

வீதிக்கும் இலக்கத்துக்கும் பக்கத்தில்
கட்டாயம் என்று இரண்டு சிவப்பு நட்சத்திரங்கள்.
வைத்ததும் நான்தான்.
எடுத்தேன்.

போனில் சொல்லத் தொடங்கினேன்.
அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம்.
"இரு, பார்சல்ல எழுதிட்டு வாறேன்.
நீலக் கதவு, அப்பறம்?"